செக்ரோலில் இருந்த பெயர்

ஒரு மனிதன் ஏழை என்பதைக் காரணமாகச் சொல்லி அவனுக்கு வாக்கை மறுப்பதற்கு இன்று எந்த நாட்டின் சட்டசபையும் துணியாது. துணிந்த காலம் ஒன்று இருந்தது. அது வெகு தொலைவில் இல்லை. சுதந்திரத்துக்கு முந்தைய சென்னை மாகாணத்தில் நிலத்தீர்வை கட்டுகிறவர்களும், வீட்டுவரி செலுத்துகிறவர்களும், ஓரளவு படித்தவர்களும் வாக்காளர்களாக இருந்தார்கள். அந்த நிலத்தில் நாற்று நட்டவர்களும் அந்த வீட்டில் பாத்திரம் துலக்கியவர்களும் பெரும்பாலும் வெளியே நின்றார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்கள் பலவற்றில் தலைவரி கட்டினால்தான் வாக்குச் சாவடிக்குள் போகலாம் என்ற விதி வெகுகாலம் நிலைத்திருந்து, 1964இல் அரசியல் சாசனத் திருத்தத்தாலும், 1966இல் வெர்ஜீனியா மாநிலத்தின் ஒன்றரை டாலர் வரியைச் செல்லாததாக்கிய உச்சநீதிமன்றத் தீர்ப்பாலும்தான் ஒழிந்தது. கொடிய சட்டங்கள் அவை. ஆயினும் தாம் செய்வது இன்னதென்று அவை ஒளிக்கவில்லை. எனக்கு அவற்றைக் காட்டிலும் அதிக விசாரத்தைத் தருவது வேறு வகைச் சட்டம். வறுமை என்ற சொல்லை அது உச்சரிப்பதேயில்லை. உன் தகப்பன் எங்கே பிறந்தான், அதற்கு அத்தாட்சி எங்கே, இடைவெளியின்றி எத்தனை ஆண்டு இங்கே வசித்தாய், உன் ஜீவனத்துக்கு நிச்சயமான வழி உண்டா என்று எல்லாரையும் ஒன்றுபோலக் கேட்பதாகத் தோற்றம் காட்டி, சொத்துள்ளவன் வீட்டுப் பெட்டியில் மட்டுமே தங்கக்கூடிய காகிதங்களைச் சொத்தில்லாதவனிடம் கேட்டு, அவன் கைவிரிக்கும்போது, நாங்கள் விலக்கவில்லை, அவனே நிரூபிக்கத் தவறினான் என்று எழுதி வைத்துவிடுகிற சட்டம் அது. இதற்கு இலங்கையின் தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர்களுக்கு நேர்ந்ததைவிடப் பூரணமான உதாரணம் எனக்குத் தெரிந்து வேறொன்றில்லை.

இலங்கைக்கு 1931இல் கிடைத்த சர்வஜன வாக்குரிமை ஆசியா முழுமைக்கும் முதன்மையானது. இருபத்தொரு வயது நிரம்பிய ஆணும் பெண்ணும் வாக்களிக்கலாம் என்று டொனமூர் அரசியல் திட்டம் வழிசெய்தபோது, பிரிட்டனிலேயே பெண்கள் ஆண்களுக்குச் சமமான வயதில் வாக்களிக்கும் உரிமை பெற்று மூன்றாண்டுதான் ஆகியிருந்தது. அதுவரை தீவின் ஜனத்தொகையில் நூற்றுக்கு நால்வரளவே வாக்காளர்கள். அந்த நால்வரின் தலைவர்களாக விளங்கிய கனவான்களில் பலர், சிங்களவரும் தமிழரும், வாக்குரிமை எளியவர்களுக்கும் விரிவதை விரும்பவில்லை, சேர். பொன்னம்பலம் இராமநாதன் அதை வெளிப்படையாக எதிர்த்தார். தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஈ. குணசிங்க போன்ற மிகச் சிலரே அதைக் கேட்டு நின்றார்கள். ஆகவே அந்த உரிமை வந்தது பெரிய காரியந்தான். ஆனால் வந்த அன்றைக்கே அதன் ஓரத்தில் ஒரு வேலி போடப்பட்டுவிட்டது. இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளர்கள் இலங்கையையே தம் நிரந்தர வாசஸ்தலமாகக் கொண்டதைப் பதிவு அதிகாரி நம்பும்படி காட்டவேண்டும். அல்லது ஐந்தாண்டு வசிப்பைக் காட்டி நிரந்தரமாகக் குடியேறியதற்கான சான்றிதழ் பெறவேண்டும். அதுவும் இயலாவிட்டால் எழுத்தறிவும் குறித்த அளவு சொத்தோ வருமானமோ இருக்கவேண்டும். அந்த வருமானம் மாதம் 50 ரூபாய். அதே காலத்தில், அதாவது 1920களின் இறுதியில், மலைநாட்டுத் தோட்டத்தில் ஓர் ஆண் தொழிலாளிக்கு அரசாங்கம் நிர்ணயித்த குறைந்தபட்ச நாட்கூலி 54 சதம். பெண்ணுக்கு அதனினும் குறைவு. மாதம் இருபத்தாறு நாளும் காய்ச்சல் வராமல், மழை தடுக்காமல் உழைத்தவனுக்கு 14 ரூபாய் சொச்சம் கிடைக்கும். அந்த விதியை எழுதியவர்களுக்கு இந்தக் கூலிக் கணக்குத் தெரியாதென்று சொல்ல முடியாது, ஏனெனில் கூலியை நிர்ணயித்ததும் அவர்களுடைய அரசாங்கமே.

அந்தத் தோட்டத்தின் ஒரு நாளைச் சற்று அருகிருந்து பார்க்கவேண்டும். பொழுது புலருமுன் தப்பு முழங்கும். லயம் என்னும் வரிசைக் குடியிருப்பின் காம்பராக்களிலிருந்து ஆட்கள் புறப்பட்டு, வேலை பிரிக்கும் பிரட்டுக்களத்தில் வந்து நிற்பார்கள். கணக்கப்பிள்ளை ஆளைப் பார்த்து, பெயர் கேட்டு, இன்னாருக்குக் கொழுந்து, இன்னாருக்குக் கவ்வாத்து, இன்னாருக்குப் புல்வெட்டு என்று மலை பிரித்து அனுப்புவார். எடுத்த கொழுந்து நிறுக்கப்படும். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில இறாத்தல் கழிக்கப்படும். குறித்த இறாத்தல் வராத பெண்ணுக்கு அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாட்கூலி. இவ்வளவும் செக்ரோல் என்ற பதிவேட்டில் ஏறும். எவர் வந்தார், எவர் வரவில்லை, எவருக்கு முழுப்பேர், எவருக்கு அரைப்பேர், அரிசிக்கு எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் ஒரு நாள் தவறாமல் மை கொண்டு எழுதப்பட்டன. பிற்காலத்தில் அரசாங்கம், இவர்கள் யார், எங்கே இருந்தார்கள், எத்தனை காலம் இருந்தார்கள் என்று தெரியவில்லையே என்று கேட்டபோது, அந்தத் தீவிலேயே இவர்களைப்போல் அன்றாடம் பெயர் எழுதப்பட்ட ஜனங்கள் வேறு எவரும் இருந்திருக்க மாட்டார்கள் என்பதை எண்ணி மனம் கொதிக்கிறது.

இதற்கும் முந்தைய காகிதம் ஒன்றுண்டு. அதற்குத் துண்டு என்று பெயர். கங்காணி முன்பணம் கொடுத்துத் திருச்சிராப்பள்ளிச் சீமையிலிருந்தும் சேலத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் ஆள் கூட்டி வருவான். வழிச்செலவு, அரிசி, கம்பளி எல்லாம் அந்த ஆளின் பேரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக விரும்பினால், இன்ன தொகையைத் தீர்த்தால் இவர்களை விடுவிக்கச் சம்மதம் என்று துரை ஒரு சீட்டு எழுதித் தரவேண்டும். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு புதிய தோட்டம் பணத்தைக் கட்டும். கடன் குறையாமல் ஆளோடுகூடப் பயணம் செய்யும். 1921இல் சட்டம் அதை ஒழிக்கும்வரை இந்த ஏற்பாடு நடந்தது. ஒரு தொழிலாளி எத்தனை ரூபாய் கடன்பட்டவன் என்பதற்குத் தோட்டந்தோறும் செல்லுபடியாகும் அத்தாட்சி இருந்தது. அதே தொழிலாளியின் பாட்டன் எந்த லயத்தில் பிறந்தான் என்பதற்கு இல்லை. முதலாளிக்கு வேண்டிய காகிதம் எழுதப்பட்டது, தொழிலாளிக்கு வேண்டிய காகிதம் எழுதப்படவில்லை என்ற இந்த எளிய உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டே 1948, 1949ஆம் ஆண்டுகளின் பிரஜாவுரிமைச் சட்டங்களைப் படிக்கவேண்டும்.

1947ஆம் ஆண்டின் பொதுத்தேர்தலில் மலையகத் தொழிலாளர்கள் கணிசமான அளவில் வாக்களித்தார்கள். அவர்களுடைய கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. நுவரெலியாவில் அக்கட்சியின் சௌமியமூர்த்தி தொண்டமான் வெற்றி பெற்றார். வேறு பல தொகுதிகளில் தோட்டத்து வாக்குகள் இடதுசாரி அபேட்சகர்களுக்குப் போயின. தேர்தலால் நிரப்பப்பட்ட 95 இடங்களில் டி. எஸ். சேனநாயக்காவின் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை 42 மட்டுமே. கூலிக்காரர்களின் வாக்கும் இடதுசாரிகளின் வாக்கும் ஒரு திசையில் சேர்ந்தால் பாராளுமன்றம் யார் கையில் போகும் என்பது ஆளவந்தவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. சுதந்திரம் கிடைத்த அதே 1948ஆம் ஆண்டில், நவம்பர் 15 முதல், பிரஜாவுரிமைச் சட்டம் அமலுக்கு வந்தது. இலங்கையில் பிறந்தவனே ஆயினும், அவன் தகப்பனும் இலங்கையில் பிறந்திருக்கவேண்டும். அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்கவேண்டும். மறு ஆண்டு வந்த இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டம், இந்த வாயிலில் நுழைய முடியாதவர்களுக்கு ஒரு பக்கவாயிலைத் திறந்ததாகச் சொல்லிக்கொண்டது. 1946ஆம் ஆண்டுத் தொடக்கத்துக்கு முன் மணமானவர் ஏழாண்டும் மணமாகாதவர் பத்தாண்டும் இடைவிடாமல் வசித்ததைக் காட்டவேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஊருக்குப் போயிருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். மனைவி மக்களும் கூடவே வசித்திருக்கவேண்டும். போதுமான நிச்சய வருமானமோ, தகுந்த தொழிலோ, நியாயமான ஜீவனோபாயமோ உண்டென்று காட்டவேண்டும். அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைகளல்லாதார் வாக்காளர் பதிவிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1946ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி தீவின் ஜனத்தொகையில் நூற்றுக்குப் பன்னிருவரளவான ஒரு சமூகத்தின் பெரும்பகுதி, ஏழு லட்சத்து எண்பதினாயிரம் பேரைக் கொண்ட ஒரு சமூகத்தின் பெரும்பகுதி, இவ்வாறு வாக்கிழந்தது.

தேயிலைதான் அந்நாளில் இலங்கைக்கு அந்நியச் செலாவணி தந்த முதன்மைப் பண்டம். துறைமுகம் அதனால் நடந்தது. கஜானா அதனால் நிரம்பியது. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வியும் அந்த வருவாயிலிருந்து தன் பங்கைப் பெற்றே நடந்தது. அந்தக் கொழுந்தை எடுத்த பெண்ணிடம் உனக்கு நியாயமான ஜீவனோபாயம் உண்டா என்று ஒரு சட்டம் கேட்டது என்பதை நான் பலமுறை படித்தும் என் மனம் சமாதானமடையவில்லை. மற்ற நிபந்தனைகளும் அப்படியே. வசிப்புக்குச் சாட்சி தோட்டத்துக் கணக்குகள். அவை துரையின் அலுவலகத்தில் இருந்தன. பத்தாண்டில் மூன்று தோட்டம் மாறியவன் மூன்று துரைமாரிடம் போய் நிற்கவேண்டும், அந்த ஒவ்வொரு நாளும் அவனுக்குப் பேர் விழாது. விண்ணப்பத்துக்கு இரண்டாண்டுக் கெடு. இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் பகிஷ்காரம் என்று சொல்லி, பிறகு கெடு நெருங்குகையில் மனுச் செய்யுங்கள் என்று மாறியதால், அந்த இரண்டாண்டிலும் பெரும்பகுதி வீணாயிற்று. அந்தத் தலைமையின் தவறு சிறிதல்ல என்றே நான் கருதுகிறேன். எட்டு லட்சத்துக்கு மேற்பட்டோருக்காக மனுக்கள் குவிந்தன. ஆண்டுக்கணக்கில் விசாரணை நடந்து கடைசியில் பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர்.

இது இனப்பிரச்சினையே, இதில் வர்க்கத்தைக் கொண்டுவந்து கலப்பானேன் என்று கேட்கிற நண்பர்கள் உண்டு. இனத்துவேஷம் இதில் இல்லையென்று நான் சொல்லவில்லை. கண்டியச் சீமையின் சிங்கள விவசாயிகளிடமும் பாட்டன் பூட்டனின் பிறப்புப் பத்திரம் இருந்திராது. அவர்களிடம் எவரும் அதைக் கேட்கவில்லை. நிரூபிக்கும் பாரம் யார் தலையில் வைக்கப்படுகிறது என்பதில் இனம் இருந்தது. அந்தப் பாரத்தை யாரால் சுமக்க முடிந்தது என்பதிலோ பணம் இருந்தது. கொழும்புப் புறக்கோட்டையில் கடை வைத்திருந்த இந்திய வியாபாரியிடம் வாடகை ரசீது இருந்தது, வங்கிக் கணக்கு இருந்தது, சட்டத்தரணியை அமர்த்தும் வசதி இருந்தது. லயத்துக் காம்பராவில் இருந்தவனுக்கு அந்தக் காம்பராவே தோட்டத்துக்குச் சொந்தம். மேலும் 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டத்தைத் துணையாகக் கொண்டு கண்டிய விவசாயியின் சேனையையும் மேய்ச்சற்காட்டையும் எடுத்துக்கொண்டது தோட்ட முதலாளித்துவமே. நிலமிழந்தவனும் கூலிக்கு வந்தவனும் ஒரே கையால் வறியவர்களாக்கப்பட்டவர்கள். ஒருவனுடைய வாக்கைக் கொண்டு மற்றவனுடைய வாக்கைப் பறித்துவிடலாம் என்று கண்டதே அந்த ஆண்டுகளின் அரசியல் சாமர்த்தியம்.

பாராளுமன்றத்தில் இடதுசாரிகள் இச்சட்டங்களை எதிர்த்துப் பேசினார்கள். அந்தக் கௌரவம் அவர்களுடையது. தமிழ்க் காங்கிரஸின் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948இல் அமைச்சரவையில் சேர்ந்தார். அவர் அங்கம் வகித்த அரசாங்கமே 1949ஆம் ஆண்டின் சட்டங்களை நிறைவேற்றியது. எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்து சென்று தமிழரசுக் கட்சியைத் தொடங்கியதற்கு இது முக்கியமான காரணம். 1952இல் தொண்டமானும் அவருடைய சகாக்களும் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வழக்கும் நடந்தது, லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1953இல், பிரஜாவுரிமைச் சட்டமும் தேர்தல் திருத்தச் சட்டமும் செல்லும் என்ற தீர்ப்போடு திரும்பியது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டசபைக்கு உரிய அதிகாரம் என்று நீதிபதிகள் கண்டார்கள். அவ்விரண்டின் வாசகத்தில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லாதிருந்ததே அவற்றுக்கு அரணாயிற்று.

எல்லாவற்றிலும் கொடியதாக எனக்குப் படுவது தொகுதிப் பங்கீடு. மாகாணங்களுக்குப் பாராளுமன்ற இடங்களை ஒதுக்கும்போது 75,000 ஜனங்களுக்கு ஓரிடம் என்று கணக்கு. அந்த ஜனங்களுள் பிரஜாவுரிமையற்ற தொழிலாளியும் ஒரு தலையாக எண்ணப்பட்டான். அவனும் அவன் பெண்டு பிள்ளைகளும் லட்சக்கணக்கில் அங்கே இருந்தமையால் மலைநாட்டு மாகாணங்களுக்குக் கூடுதலான இடங்கள் கிடைத்தன. அந்த இடங்களுக்கு ஆள் தெரிந்தெடுக்கும் உரிமை அவனைச் சுற்றியிருந்த மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கொழுந்து எடுத்த கையின் பலன் வேறிடம் போவது அவனுக்குப் பழக்கந்தான். இப்பொழுது அவன் மண்ணில் நின்றுகொண்டிருந்ததன் பலனும் வேறிடம் போயிற்று.

வாக்கில்லாதவர்களை மனிதர்களாக எண்ணிப் பேசும் அவசியம் அரசாங்கங்களுக்கு இருப்பதில்லை. 1964 அக்டோபரில் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட உடன்பாடு 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வது. 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிக்குப் பாதி பிரித்துக்கொண்டார்கள். யாரைக் கேட்டு இது செய்யப்பட்டது? கேட்கப்பட்டிருக்க வேண்டியவர்களிடம் ஒரு வாக்குச்சீட்டு இருந்திருந்தால், அந்த எண்களை அவ்வளவு முழுமையாக, ஆயிரக்கணக்கில் உருட்டி எழுத எந்த மந்திரிக்கும் மனம் துணிந்திராது. தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பலேறியவர்களில் அண்ணன் ஒரு பக்கமும் தம்பி ஒரு பக்கமுமாகப் பிரிந்த குடும்பங்கள் எத்தனையோ. இங்கே கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் மறுபடியும் தேயிலைக் காட்டிலேயே கூலிக்கு நின்றார்கள். அங்கே மிஞ்சியவர்களில் பலர் 1973, 74ஆம் ஆண்டுகளின் உணவுப் பஞ்சத்தில் தோட்டந்தோறும் மாண்டார்கள். நிலம் ஏதுமின்றி, விலைக்கு வாங்கும் அரிசியையும் மாவையும் மட்டுமே நம்பியிருந்த அவர்களை அந்தப் பஞ்சம் மற்ற எவரையும்விடக் கடுமையாகத் தாக்கியது. பசித்தவர்களுக்காகப் பதவிக்குப் பயப்படவேண்டிய ஒரு பிரதிநிதி அந்த மலைகளில் அன்றைக்கு இல்லை. 1952 முதல் 1977 வரையில், கால் நூற்றாண்டுக் காலம், அந்தச் சமூகம் தன் வாக்கால் ஒருவரையேனும் பாராளுமன்றத்துக்கு அனுப்ப முடியவில்லை. இடையில் தொண்டமான் அங்கே அமர்ந்ததும் நியமன அங்கத்தவராகவே.

பிரஜாவுரிமை கடைசியில் வந்தது. 1988இல் ஒரு சட்டமும் 2003இல் மற்றொரு சட்டமும் எஞ்சியவர்களுக்கு அதை வழங்கின. 2003ஆம் ஆண்டின் சட்டத்தைப் பாராளுமன்றம் எதிர்ப்பின்றி நிறைவேற்றியது, அதற்காக அந்த நாட்டைப் பாராட்டவே வேண்டும். ஆனால் ஏழ்மை அந்த உரிமையோடு வாசல்வரை கூடவே வந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் ஒரு பிரிவின் வாசகம், தோட்டக் குடியிருப்புகளில் சபை தன் பணத்தைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. தோட்டத்து ஜனங்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை, அவர்கள் லயத்துக்கு ஒரு பாதை போடவோ தண்ணீர்ப் பீலிக்குக் குழாய் வைக்கவோ இயலாமல் இருந்தது. அந்தப் பிரிவு திருத்தப்பட்டது 2018இல். லயத்துக் காம்பராக்களுக்குத் தனித்தனி விலாசம் இல்லாததால் தபால் தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து எவர் கையாலேனும் போய்ச்சேர வேண்டும். அடையாள அட்டைக்கான கடிதமும், வாக்காளர் அட்டையும் அந்த வழியேதான். பிறப்புச் சான்றில் ஓரெழுத்துப் பிழையிருந்தால் அதைத் திருத்த நுவரெலியாவுக்கோ பதுளைக்கோ ஒரு நாள் அலையவேண்டும். அந்த ஒரு நாள் ஒரு நாட்கூலி. கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்கிற மலையகப் பிள்ளைகளுக்கு வாக்கு ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இருக்கிறது. போய்வரப் பஸ் செலவு, இரண்டு நாள் விடுப்பு, எஜமானின் முகம். ஒன்றரை டாலர் வரியை அமெரிக்க நீதிமன்றம் கண்டுகொண்டது; இந்த வரியைக் கண்டு செல்லாதென்று சொல்ல எந்த நீதிமன்றத்துக்கும் வழியில்லை, ஏனென்றால் இதை விதித்தவர் என்று எவருமில்லை.

நம்முடைய கரையைப்பற்றியும் சொல்லவேண்டும். 1983ஆம் ஆண்டின் கலவரத்துக்குப் பின்னும் யுத்த காலத்திலும் ஓடிவந்து தமிழ்நாட்டு முகாம்களில் தங்கியவர்களுள் மலையக வம்சத்தவர் பல்லாயிரவர். அவர்களில் ஒரு பகுதியினர் மண்டபம் முகாமில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாட்டன்மார் கப்பலேறுமுன் நோய்த்தடுப்புக்காக அடைத்துவைக்கப்பட்ட அதே இடத்தில். அங்கே பிறந்து, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்து, பெயிண்ட் அடிக்கவும் கட்டட வேலைக்கும் போய்வருகிற இளைஞர்களிடம் இந்தியச் சட்டம் இன்றைக்குக் கேட்பது, எந்த ஆண்டு பிறந்தாய், பெற்றோரில் எவர் பிரஜை, எந்தப் பத்திரத்தோடு வந்தார்கள் என்பதே. 2019ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தவர்களுக்குச் சலுகை தந்தது. அந்த மூன்றில் இலங்கை இல்லை. 1964ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி இந்தியப் பிரஜாவுரிமைக்கு மனுச் செய்து, அது கைக்கு வருமுன் 1984இல் கப்பல் நின்றுபோனதால் அகப்பட்டுக்கொண்டவர்களும் அவர்களுடைய சந்ததியும் அந்த முகாம்களில் இருக்கிறார்கள். இவர்களை ஏற்றுக்கொள்வதாக இந்தியாவின் பிரதமர் கையெழுத்திட்டிருக்கிறார். ஆகவே இவர்களிடம் இனியும் ஒரு காகிதம் கேட்காமல், மண்டபத்துத் தாசில்தார் கையால் பிரஜாவுரிமைச் சான்றும் வாக்காளர் அட்டையும் ஒரே நாளில் வழங்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம். சென்னைக்கோ டில்லிக்கோ அவர்களை மனுவோடு அலையவிடக் கூடாது.